ஊரார் ஈந்த பிடியரிசியும் அரசாங்கத்தின் வரவு செலவும்

ஓர் அரசாங்கம் தன் குடிகளுள் யாரை நினைக்கின்றது, யாரை மறக்கின்றது என்பதனை அறிய விரும்புவோர், அதன் அமைச்சர்களுடைய சொற்பொழிவுகளைக் காட்டிலும் அதன் கணக்குப் புத்தகத்தையே நாடுதல் வேண்டும். சொல்லுதற்குச் செலவில்லை, செலவிடுதற்கோ, ஒன்றற்குக் கொடுக்க மற்றொன்றில் குறைத்தல் வேண்டும். ஆயினும் அப்புத்தகத்தை விரித்து நோக்கும் மாணாக்கர் பலர் கோடிகளின் வரிசையைக் கண்டு மருண்டு அதனை மூடி வைத்து விடுகின்றனர். அஃது அவர் குற்றமன்று. எண்கள் மிகப் பெரியன. அவை எவ்வூரில் யார் வாயிலிற் சென்று முடிகின்றன என்பதனை அப்புத்தகம் கூறுவதில்லை. அதனைக் கூறுவது செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும் நான்கு வரிச் செய்தியே. இன்னவூர்ப் பள்ளியிற் சமையற்கூடம் திறந்தனர் என்றும், இன்னவூரிற் குடிநீர்த் தொட்டி பழுதுற்றுக் கிடக்கின்றது என்றும், இன்னவூர்க் கிராம சபையிற் கணக்குக் கேட்டுக் கூச்சல் எழுந்தது என்றும் வரும் சிறு செய்திகளைப் பலரும் படியாது கடந்து செல்கின்றனர். தலைநகரின் புத்தகத்தையும் ஊரின் செய்தியையும் அருகருகே வைத்துப் படிக்கும் வகையை, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் உணவு என்னும் ஒரு பொருளைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் புத்தகத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். மாநில அரசாங்கம் ஆண்டுதோறும் தன் வரவு செலவு மதிப்பீட்டைச் சட்டமன்றத்தின்முன் வைத்தல் வேண்டுமென்பது அரசியலமைப்பின் 202ஆம் உறுப்பு. அச்செலவினுள் இரு வகை உண்டு. கடனுக்குரிய வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் முதலியன மன்றத்தாரின் வாக்கிற்கு விடப்படுவதில்லை. அவை தொகுப்பு நிதியின்மேற் சார்த்தப்பட்டவை. ஏனையவை மானியக் கோரிக்கைகளாக வந்து வாக்குப் பெறுவன. ஆகவே, மன்றம் ஒன்றைப் பேசித் தீர்மானிப்பதற்கு முன்னரே ஒரு பகுதி போய்விடுகின்றது. போகட்டும், எஞ்சியதெல்லாம் விருப்பம்போற் செலவிடத் தக்கதோவெனின், அதுவும் இல்லை.

2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட 2025–26ஆம் ஆண்டு மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி ரூபாய். ஊழியர் சம்பளத்திற்கு ஏறக்குறைய 90,000 கோடியும், ஓய்வூதியத்திற்கு 41,000 கோடியும், வட்டிக்கு 70,000 கோடியும் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்து வருவாயின் நூற்றில் அறுபது பங்கை விழுங்கிவிடுகின்றன. ஒரு குடும்பத் தலைவன் பத்து ரூபாய் ஈட்டி, ஆறு ரூபாயைக் கடன்காரனுக்கும் முன்னரே வாக்களித்தவர்க்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கையிலுள்ள நான்கு ரூபாயோடு கடைத்தெருவிற்குச் செல்வதனை ஒக்கும் இது. அந்நான்கு ரூபாயை எதற்குச் செலவிடுகின்றான், அது போதாமல் எதன்பொருட்டுக் கடன் வாங்குகின்றான் என்பதிலேதான் அவனுடைய நெஞ்சம் வெளிப்படும்.

இன்னொன்றும் மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது. அப்புத்தகத்தில் ஒரே செலவு மூன்று ஆண்டுகளில் மூன்று முறை தோன்றும்: முதலில் மதிப்பீடாக, அடுத்த ஆண்டிற் திருத்திய மதிப்பீடாக, அதற்கும் அடுத்த ஆண்டில் முடிந்த கணக்காக. செய்தித்தாள்கள் பெரிய எழுத்திற் போடுவது முதலாவதனை மட்டுமே. ஒதுக்கியேன் என்பது வாக்கு. செலவிட்டேன் என்பதே செய்கை. மூன்றாவது பத்தியை நோக்காது அரசாங்கத்தைப் புகழ்தலும் இகழ்தலும், விதைத்த நாளிலேயே விளைச்சலை அளப்பதைப் போன்றன.

நிற்க, உணவின் வரலாற்றிற்கு வருவோம். இதனை அரசாங்கம் கண்டுபிடித்தது என்று கருதுவோர் பலர். இதன் தொடக்கமோ ஒரு நகரசபையின் தீர்மானத்தில் உள்ளது. 1920ஆம் ஆண்டிற் சென்னை நகரசபை, சர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க இசைந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றிற்கு ஓரணாவிற்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஐந்து பள்ளிகளிலுமாக எண்ணூறு அளவில் இருந்த பிள்ளைகளின் தொகை இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டது. இவ்வளவு தெளிவான பயனைக் கண்டபின்னும், 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு அஃது நின்றுபோயிற்று. பணம் இல்லாமையாலன்று. தொடக்கக் கல்விக்கென வைத்த நிதியிலிருந்து பிள்ளைகளின் உணவிற்குச் செலவிடுதல் கூடாதென்று மேலிருந்த அரசாங்கம் தடுத்துவிட்டமையால் நின்றது. உண்ணுதல் கல்வியாகாது என்பது கணக்கரின் கருத்துப்போலும்! பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதனைப் பள்ளியின் வருகைப் பதிவேடு காட்டிற்று. அப்பதிவேடு கணக்கரின் மேசைக்குச் செல்லவில்லை. 1927ஆம் ஆண்டில் 25 பள்ளிகளிலிருந்த ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு மீண்டும் உணவு தொடங்கியது.

அடுத்த கட்டம் காமராசர் காலத்தது. மாடு மேய்த்த சிறுவனை அவர் கண்டு வினவிய கதை நம் மாணாக்கர் அனைவரும் அறிந்ததாகலின் அதனை மீண்டும் கூற வேண்டுவதின்று. நாம் கூற விரும்புவது அக்கதையில் வாராத கணக்கைப் பற்றியதே. 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது, மாநிலக் கருவூலம் அச்சுமை முழுவதையும் தாங்குமென்று நிதித்துறையினர் எவரும் நம்பவில்லை. ஆகவே ஊராரையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டனர். ஒரு வேளை உணவிற்கு ஆகும் பத்து நயாபைசாவில் ஆறு பைசாவை அரசாங்கமும் நான்கு பைசாவை ஊராரும் தருவதென்பது ஏற்பாடு. நான்கு பைசாவென்று இக்காலத்தார் நகைக்க வேண்டா. ஆண்டிற்கு 200 நாள் உணவென்று கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஊரார் தரவேண்டியது எட்டு ரூபாய். நூறு பிள்ளைகள் உண்ணும் பள்ளிக்கு எண்ணூறு ரூபாய். புன்செய் நம்பிய ஊரொன்றிற்கு அக்காலத்தில் அது சிறிய தொகையன்று.

அத்தொகை ரொக்கமாக வரவில்லை. அறுவடைக் களத்தில் அளந்து கொடுத்த தானியமாகவும், தோட்டத்துக் காய்கறியாகவும், விறகாகவும், அடுக்களையில் எடுத்து வைத்த பிடியரிசியாகவும் வந்தது. பிடியரிசி என்பது நம் தென் மாவட்டத்துச் சபையாருக்குப் புதியதன்று. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் எடுத்துவைத்து, கலம் நிறைந்ததும் கோயிலிற் சேர்ப்பது தாய்மார் பலரின் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளின் பொருட்டு அதே பிடி எடுத்துவைக்கப்பட்டது. அக்காலத்துப் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 முதல் ஊர்தோறும் கூட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், உணவிற்கு மட்டுமன்றிக் கட்டடத்திற்கும் பலகைக்கும் கடிகாரத்திற்கும் சீருடைக்கும் மக்கள் கொடுத்தனர். கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. அரசாங்கத்தின் புத்தகத்திற் காணப்படாத நாற்பது பங்கின் கணக்கு, இவ்வாறு ஊர்ச் செய்தியாகவே வெளிப்பட்டது.

இவ்வேற்பாட்டில் நன்மை எங்கே, தீமை எங்கே? தீமையை முதலிற் கூறிவிடுவோம். கொடுக்க இயன்ற ஊரிற் பிள்ளைகள் உண்டனர். கொடுக்க இயலாத ஊரில், அல்லது கொடுக்க இயன்றும் மனம் வாராத நிலக்கிழார் வாழ்ந்த ஊரில், அடுப்பு அணைந்தது. ஊரார் பங்கு ஒழுங்காக வாராமையே அத்திட்டத்தின் பெருங்குறை. எவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உணவு மிகுதியும் வேண்டுமோ அவ்வூரே கொடுக்க மாட்டாத ஊராதல் இயல்பு. ஏழ்மையை ஏழ்மையின் கையாலேயே தீர்க்கச் சொல்லும் எத்திட்டத்திற்கும் இக்குறை உண்டு. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க நிறுவனம் தந்த பால்மாவும் எண்ணெயும் பிறவும் இக்குறையை ஓரளவு மறைத்தன.

நன்மை வேறு வகையினது. தன் பிடியரிசி எங்கே போயிற்றென்று கேட்கத் தாய்க்கு வாயுண்டு. நான்கு பைசா கொடுத்தவன் பத்துப் பைசாவிற்கும் கணக்குக் கேட்பான். பணத்தோடு கண்ணும் வந்தது. சமையற்கூடத்தின் மூடியைத் திறந்து பார்க்க ஊராருக்கு எச்சட்டமும் உரிமை வழங்கவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை.

1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பொருளியல் வல்லார் பலர் இஃது கருவூலத்தை வறிதாக்கும் என்றனர். அவர்கள் கூட்டிய கணக்கிற் பிழை இருந்திராது. எதனைக் கூட்டாமல் விட்டனர் என்பதே வினா. முதலில் நாட்டுப்புறத்துக் குழந்தைகளுக்கும், அதே செப்டம்பரில் நகரத்தார்க்கும், 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணாக்கர்க்கும் அஃது விரிந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்டிர்க்கு ஊதியமும் கிடைத்தது. நன்கொடைகள் வரவேற்கப்பட்டன, எனினும் ஊரார் நாற்பது பங்கு தந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை ஒழிந்தது. வறிய ஊருக்கும் செழித்த ஊருக்கும் ஒரே அளவை. இவ்வொரு காரணத்தாலேயே 1982ஆம் ஆண்டின் மாற்றத்தை நாம் பெரிதும் போற்றுகின்றோம். 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, அரசாங்கங்கள் மாறியும் குறையாது வளர்ந்து, 2010இல் வாரத்திற்கு ஐந்து முட்டையாயிற்று. 2001ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளிற் சமைத்த உணவு தருமாறு ஆணையிட்டபோது, தமிழ்நாடு அதனைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

இப்பொழுது ஒரு சிறு வியப்பை நோக்குக. 2021 முதல் பிரதமர் போசண் என்னும் பெயரால் வழங்கும் மதிய உணவுத் திட்டத்திற் சமையற் செலவை ஒன்றிய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் விகிதம் அறுபதுக்கு நாற்பது. காமராசர் காலத்து விகிதமும் அதுவே! அன்று அறுபது கொடுத்த மாநிலம் இன்று நாற்பது கொடுக்கும் இடத்தில் நிற்கின்றது; அன்று நாற்பது கொடுத்த ஊரோ கணக்கிலேயே இல்லை. ஒவ்வொரு படியும் மேலே ஏறியது. கீழ்ப்படி மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. சுமை இறங்கியது நன்றே. ஆனால் சுமையோடு கூடவே கண்ணும் இறங்கிவிட்டதோ என்பதே நம் ஐயம். ஒரு பள்ளியில் அரிசியிற் புழு கண்டதென்றும் முட்டை அழுகியிருந்ததென்றும் செய்தி வருமுன், பிள்ளைகள் அதனை எத்தனை நாள் உண்டனரோ? அன்று கேட்டிருக்கக் கூடிய தாய் இன்று, அது சர்க்கார் சோறு, நாம் கேட்டால் யார் செவிகொடுப்பார் என்று இருந்துவிடுகின்றாள்.

காலையுணவுத் திட்டம் இவ்வையத்திற்கு ஒரு பாதி விடை தருகின்றது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் அஃது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிக்கப்பட்டது. பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் சாம்பாரோடு வழங்கப்படுகின்றன. 2025–26இல் இதற்கு ஒதுக்கியது 600 கோடி ரூபாய் அளவினது. முன் கூறிய 3,73,204 கோடியோடு வைத்து மாணாக்கர் தாமே வகுத்துப் பார்க்கலாம்: அரசாங்கம் செலவிடும் ஆயிரம் ரூபாயில் இஃது ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். செய்தித்தாள்களில் இது பெற்ற இடத்தையும் கணக்கில் இது பெற்ற இடத்தையும் ஒப்பிடுக. பெரிய முதன்மை என்பது எப்பொழுதும் பெருந்தொகையாக இருக்கவேண்டுவதில்லை என்பதும், பேரொலி எழுப்பும் செலவே பெருஞ்செலவு என்று எண்ணலாகாது என்பதும் இவ்வொரு வகுத்தலில் விளங்கும்.

நாட்டுப்புறப் பள்ளிகளில் இவ்வுணவைச் சமைப்போர் அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவினர்; அவர் தம் குழந்தை அதே பள்ளியிற் பயில வேண்டுமென்பது தெரிவு விதிகளுள் ஒன்று. இவ்விதியை வகுத்தவர் யாராயினும் அவரை நாம் பாராட்டுகின்றோம். தன் பிள்ளையின் தட்டில் விழுவதனையே மற்றைப் பிள்ளைகளின் தட்டிலும் இடும் தாய்க்கு மேற்பார்வையாளர் வேண்டா. பிடியரிசியோடு வந்து பின்னர்ப் போய்விட்ட கண், இவ்வாறு வேறொரு வாயிலால் உள்ளே வந்தது.

ஆயினும் ஊரின் கண் எப்பொழுதும் அருட்கண் அன்று. 2023ஆம் ஆண்டிற் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிற் சில ஊர்களில், சமைப்பவள் தாழ்த்தப்பட்ட சாதியினள் என்பதன்பொருட்டுப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவொட்டாது தடுத்தனர். அதிகாரிகளும் மக்கட் பிரதிநிதிகளும் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. இச்செய்திகளும் மாவட்டப் பக்கத்திலேயே முதலில் வந்தன. ஆறு பைசாவும் நான்கு பைசாவும் என்று ஊராரை நம்பியிருந்த காலத்தில் இத்தகைய பெற்றோரே பணம் கொடுப்பவராக இருந்திருப்பின், அடுப்படியில் யார் நிற்கலாமென்பதை அவர்களே தீர்மானித்திருப்பர். கருவூலம் கொடுத்தமையால் அச்சமையற்காரி தன் இடத்தில் நின்றாள். ஆகவே ஊரைக் கேட்பது வேறு, ஊருக்குக் கணக்குக் காட்டுவது வேறு. பணத்தை மாநிலம் கொடுத்து, கணக்கை ஊர் பார்ப்பதே நாம் வேண்டுவது.

அதற்குரிய கருவிகள் இல்லாமலில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தையும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் ஒட்டிக் கிராம சபை கூடுகின்றது. குடியரசு நாள், மே முதல் நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் என்ற நான்கோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022இற் சேர்க்கப்பட்டன. இச்சபையில் வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். பத்தாம் நூற்றாண்டிலேயே உத்தரமேரூரிற் குடவோலை எடுத்தோம் என்று பெருமை பேசும் நாம், அக்கல்வெட்டு, கணக்குக் காட்டாது ஒழிந்தவரையும் அவர் உறவினரையும் வாரியத்திற்குத் தகாதவர் என்று விலக்கியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மேலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, அதில் முக்காற் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டுமென்றும், பள்ளிக்கு வரும் மானியம் செலவாகும் வகையை அக்குழு கண்காணிக்க வேண்டுமென்றும் விதித்துள்ளது.

இவ்விடத்தில் நம் கலாசாலையோடும் அதன் பழைய மாணாக்கரோடும் தொடர்புடைய செய்தியொன்று உண்டு. காலையுணவு முதல் ஈராண்டுகள் அரசுப் பள்ளிகளோடு நின்றது. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கையால் வேரூன்றிய உதவித்தொகை முறையில் நடக்கும் பள்ளிகள், அவற்றுட் பெருந்தொகையினவான மிஷன் பள்ளிகள், வெளியே நின்றன. ஒரே தெருவிலிருந்து புறப்பட்ட இரு பிள்ளைகளுள் ஒருத்திக்குப் பொங்கல், மற்றொருத்திக்கு ஒன்றுமில்லை. வேறுபாடு பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டுமே. 2024ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், காமராசர் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், நாட்டுப்புறத்து உதவி பெறும் பள்ளிகள் 3,995இல் பயிலும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது விரிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. நம் பழைய மாணாக்கருள் இத்தகைய பள்ளிகளிற் தலைமையாசிரியராகவும் தாளாளராகவும் இருப்போர் பலராவர்.

அவர்கள் ஒன்றை அறிதல் நலம். மேற்கூறிய கல்வி உரிமைச் சட்டம் 2012இற் திருத்தப்பட்டபோது, சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவிற்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே உண்டென்று வரையறுக்கப்பட்டது. நிர்வாக உரிமையைக் காக்க அவ்விலக்கு வேண்டியதாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவாக, அரசாங்கத்தின் அரிசி நம் பள்ளி வாயிலினுள் நுழைந்தபின், அதனைத் திறந்து பார்க்கும் சட்ட உரிமை அப்பிள்ளையின் தாய்க்கு அரசுப் பள்ளியில் உள்ள அளவு நம்மிடத்தில் இல்லை. காட்ட வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கின்றது. காட்டலாகாது என்று அது சொல்லவில்லை. வந்த அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உண்ட பிள்ளைகள் இத்தனைபேர் என்று வாரந்தோறும் பள்ளி வாயிலிற் கரும்பலகையில் எழுதிவைப்பதற்கு ஒரு துண்டு சுண்ணக்கட்டியே வேண்டும். எந்த அலுவலகத்தின் ஆணையும் வேண்டுவதில்லை.